கடிதத்தின் கடைசி வரி

வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பம் எழுதும் நம் சங்க நண்பர்கள், அனுப்புமுன் அதை என்னிடம் காட்டுவதுண்டு. கடிதம் முழுவதும் செம்மையாக இருக்கும். கடைசி வரி மட்டும், 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடியும். 'ஹியர்' அன்று, 'ஹியரிங்' என்பதே சரி. கையெழுத்துக்கு மேலே நிற்கும் வரி அது. தேர்வு செய்பவர் கண்ணில் இறுதியாகப் படுவதும் அதுதான்.

'டு' வந்தால் வினை மாறாமல் வரவேண்டுமென்று பள்ளியில் படித்தோமே என்பீர்கள். ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. 'ஐ வான்ட் டு ஹியர்' என்பதில் உள்ளது, 'கேட்க விரும்புகிறேன்' என்னும்போது நாம் ஆளும் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கு நிகர். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் உள்ளதோ நம் வேற்றுமை உருபைப் போன்றது. உருபு பெயரைத்தான் சாரும். பவணந்தியார் வேற்றுமையைப் பெயரியலில் வைத்ததும் அதனால்தான். 'கேட்க' என்பதோடு 'கு'வை ஒட்ட முடியுமா? 'கேட்டல்' என்றோ 'கேட்பது' என்றோ பெயராக்கிய பின்னரே ஒட்டும். ஆங்கிலத்தில் அவ்வாறு பெயராக்கித் தருவது 'இங்'.

ஐயம் வந்தால், வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது; ஆகவே அங்கே 'இங்' வேண்டும். 'வான்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தவில்லை, அங்கே வேண்டாம்.

விடுதிச் சாப்பாட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. 'ஐ யூஸ்ட் டு ஈட் இட்லி' என்றால், முன்பெல்லாம் இட்லி சாப்பிடுவது வழக்கம் என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்ட் டு ஈட்டிங் சப்பாத்தி' என்றால், சப்பாத்தி சாப்பிட்டுப் பழகிவிட்டது. அப்படிச் சொல்லும் நண்பர்களை நான் முழுவதும் நம்புவதில்லை. இலக்கணம் மட்டும் சரியே. 'அப்ஜெக்ட் டு', 'வித் எ வியூ டு' ஆகியவையும் 'இங்' கேட்கும் இனம். 'வித் எ வியூ டு இம்ப்ரூவ்' என்று சுற்றறிக்கைகளில் கண்டால் பின்பற்ற வேண்டாம்.

இன்னொன்று. தமிழில் 'எதிர்பார்க்கிறேன்' என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும். அதை நினைத்துக்கொண்டு ஒரு பேராசிரியருக்கு 'ஐ எக்ஸ்பெக்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதினால், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பதில் வந்தாக வேண்டும் என்று அதட்டுவதுபோல் தொனிக்கும். 'லுக் ஃபார்வர்ட்' என்பதிலோ ஆவலும் மகிழ்ச்சியும் உண்டு. 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்' என்பதும் சரியே. சற்று நெருக்கமான நடை. 'ஐ ஆம்' இன்றி வெறும் 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்பது நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலுக்குப் போதும். விண்ணப்பத்தில் எழுவாயோடு எழுதுங்கள்.