அச்சேறிய யானைக் கணக்கைத் திருத்தும் முறை

தோல் பதனிடும் தொழிலின் பெயராலேயே வெளியுலகம் அறிந்திருக்கும் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வட்டாரத்துக்கு அப்பால், ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயம் எல்லையோடு ஒட்டிக்கிடப்பதாலும், யானைக்கு மாநில எல்லை இன்னதென்று தெரியாததாலும், ஒரே கூட்டம் இரு பக்கத்துக் கணக்கிலும் ஏறிவிடுவது இப்பிரதேசத்து ஆராய்ச்சிகளில் சுலபமாக நேரக்கூடிய பிழையாகும். அப்படியொரு பிழை பிரசுரமாகிவிட்டால் அதை எவ்வாறு கிரமமாகத் திருத்துவதென்பதே இங்கு விஷயம்.

முதற்காரியம், அச்சான கட்டுரையை மூடிவைத்துவிட்டு, காட்டில் நிரப்பிய மூலப் படிவங்களை எடுத்துவைத்துக்கொள்வது. தேதி, நேரம், இடம், கூட்டத்தில் குட்டிகள் எத்தனை என்பவற்றை ஒப்பிட்டால் இருமுறை எண்ணப்பட்டவை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரைச் சேர்ந்தன. பேர்ணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஆகவே பழைய படிவத்தில் 'வேலூர் மாவட்டம், ஆம்பூர்' என்றிருப்பது பிழையன்று. அதை மாற்றாமல் அடிக்குறிப்பு சேர்ப்பதே நியாயம்.

சாண எண்ணிக்கையைக் கொண்டு யானைகளை மதிப்பிட்டிருந்தால் இன்னும் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1,000 சாணக் குவியல்கள் இருப்பதாகவும், யானையொன்று நாளைக்கு 16 முறை சாணமிடுவதாகவும், குவியல் 100 நாட்களில் மக்கி மறைவதாகவும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், அடர்த்தி 0.625 யானை, ஆனால் அந்த 100 நாட்கள் என்பது மழைக்காட்டிலிருந்து கடன் வாங்கிய எண்ணாக இருந்து, இவ்வறண்ட குன்றுகளில் உண்மையில் 150 நாட்கள் பிடிக்குமானால், அடர்த்தி ஏறத்தாழ 0.42-தான். எண்ணியவர் ஒரு குவியலைக்கூடத் தவறவிடாமலிருந்தும் முடிவு ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

அடுத்து, பிழை எவ்வகையைச் சேர்ந்ததென்று நிர்ணயிக்க வேண்டும். பதிப்பகத்தார் செய்த பிழையானால் அவர்களே திருத்தம் வெளியிடுவார்கள். ஆசிரியர்களுடையதானால் ஆசிரியர்கள் திருத்தம் எழுதித்தர வேண்டும். முடிவே நிற்காதென்றால் கட்டுரையை மீளப்பெறுவதுதான் யோக்கியமான வழி. பத்திராதிபருக்கு எழுதும் கடிதத்தில் எந்தப் பக்கம், எந்த அட்டவணை, பழைய எண், புதிய எண், அதனால் முடிவு மாறுகிறதா இல்லையா என்ற ஐந்தும் இருந்தாற்போதும். மன்னிப்புப் படலம் வேண்டியதில்லை.

ஆசிரியர் பட்டியலில் பெயர் விஷயம் இதைவிடச் சிரமமானது, ஏனெனில் எண்ணுக்கு மனஸ்தாபம் கிடையாது. ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ எல்லா ஆசிரியர்களின் எழுத்துபூர்வமான சம்மதமும், சம்பந்தப்பட்டவரின் சம்மதமும் தேவை. தகராறு மூண்டால் பத்திராதிபர் பஞ்சாயத்துப் பண்ணமாட்டார். விவகாரத்தை ஆசிரியர்களுடைய கல்லூரிக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பிவிடுவார். ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு என நான்கும் உள்ளவரே ஆசிரியர் என்பது பொதுவான அளவுகோல். கூட்டத்தின் போக்கறிந்து இரவெல்லாம் பின்தொடர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர்களை நன்றியுரையில் தள்ளிவிட்டு, காட்டையே பார்த்திராத துறைத்தலைவரை முதற்பெயராக வைக்கும் வழக்கத்தை இந்த அளவுகோல் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. வரைவைக் காவலருக்குப் படித்துக்காட்டி அபிப்பிராயம் கேட்டுச் சேர்த்து, இறுதிப் பிரதிக்கு அவர் ஒப்புதலளித்துப் பொறுப்பும் ஏற்றிருந்தால் அவரும் ஆசிரியராகலாம்.

எண் மாறுவதில் அவமானமில்லை. 2017-ஆம் ஆண்டு தேசிய யானைக் கணக்கெடுப்பில் முதலில் வெளியான 27,312 பின்னர் 29,964 ஆயிற்று. புலிகளின் கதை இன்னும் கடுமையானது: ராஜஸ்தானத்தின் சரிஸ்காவில், ஏட்டுக்கணக்கில் புலிகள் உலவிக்கொண்டிருக்க, 2005-இல் காட்டில் ஒன்றுகூட இல்லையென்று தெரியவந்தது, கால்தடம் பார்த்து எண்ணும் முறையும் மதிப்பிழந்தது. 3,642 என்றிருந்த பழைய தேசியக் கணக்குக்குப் பின், தானியங்கிக் காமிராவின் துணையோடு எடுத்த 2006-ஆம் ஆண்டு மதிப்பீடு 1,411 என்றது. முறை மாறியதைச் சொல்லாமல் இவ்விரண்டையும் கழித்துப் பார்ப்பது புதிய பிழை. உங்கள் திருத்தத்திலும் முறை மாறியிருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே எழுதுங்கள்.

தரவுக் களஞ்சியத்தில் பழைய கோப்பை அழிக்காமல் புதியதைப் பதிப்பு எண்ணுடன் அதன் பக்கத்திலேயே வையுங்கள். திருத்தம் வெளியானதும் ஒரு பிரதியை உங்களை மேற்கோள் காட்டியவர்களுக்கும், மறவாமல் அந்தந்த வனச்சரக அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பத்திரிகை படிக்காத வனச்சரகத்தார், பழைய எண்ணை நம்பியே யானைத் தடுப்பு அகழிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.