கைக்கடிகாரம் 42.6 காட்டினால் மராத்தான் பாதை நீண்டுவிடாது

ஜிபிஎஸ் வசதியுள்ள விளையாட்டுக் கைக்கடிகாரங்களைப் பற்றி ஓட்டக்காரர்களிடையே உலவும் நம்பிக்கைகளுள் மிகப் பரவலானதும் மிகப் பிடிவாதமானதும், பந்தயத் தடத்தின் நீளம் சரியா தவறா என்பதை அந்தக் கடிகாரமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதாகும். 42.195 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட மராத்தானை ஓடி முடித்தவரின் மணிக்கட்டில் 42.6 என்றோ 42.8 என்றோ எண் தெரிந்தால், அமைப்பாளர்கள் தூரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்ற தீர்ப்பு அந்த நிமிடமே எழுதப்பட்டுவிடுகிறது. உடன் ஓடியவர்களின் கடிகாரங்களும் ஏறத்தாழ அதையே காட்டினால் அது மறுக்க முடியாத சாட்சியமாகக் கொள்ளப்படுகிறது. இந்தத் தீர்ப்பு தவறானது. ஒரே வகைக் கருவிகள் ஒரே காரணத்தால் ஒரே திசையில் பிழைபடுகையில், அவற்றின் எண்ணிக்கை பத்தானாலும் பத்தாயிரமானாலும் சாட்சியத்தின் பலம் கூடுவதில்லை. அளவீட்டுத் துறையின் இந்த முதற்பாடத்தை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், அடுத்த பந்தயத்தன்று அதே புகார் புதிதுபோல் கிளம்புவது சலிப்பூட்டுகிறது.

முதலில், முறையாகச் சான்றளிக்கப்பட்ட தடம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகத் தடகள அமைப்பும், மராத்தான் பந்தயங்களின் பன்னாட்டுச் சங்கமான எய்ம்ஸும் ஏற்றுக்கொண்ட முறையில், செயற்கைக்கோளுக்கு இடமே இல்லை. சாதாரண மிதிவண்டியும், அதன் முன்சக்கர அச்சில் பொருத்தப்படும் ஜோன்ஸ் எண்ணி என்ற சிறு பற்சக்கரக் கருவியும், ஓர் எஃகு அளவு நாடாவும் போதும். அளவீட்டாளர் நேரான சாலையொன்றில் குறைந்தது 300 மீட்டர் நீளத்தை எஃகு நாடாவால் அளந்து, நாடா தொய்யாமலிருக்க வில்தராசு கொண்டு குறிப்பிட்ட விசையில் இழுத்துப் பிடித்து, வெயிலில் எஃகு நீள்வதால் நேரும் வேறுபாட்டையும் கணக்கிட்டுத் திருத்தி, இரு முனைகளிலும் ஆணி அடித்துக்கொள்கிறார். பிறகு அந்த நீளத்தின் மீது நான்கு முறை மிதிவண்டியை ஓட்டி, முன்சக்கரத்தின் அச்சு ஆணிக்கு நேர் மேலே நிற்கும் இடத்தில் எண்ணியின் எண்ணைக் குறிக்கிறார். சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் எண்ணி இருபதுக்கும் மேற்பட்ட எண்களைக் கடப்பதால், ஓர் எண் என்பது சாலையில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். பந்தயத் தடம் முழுவதையும் அளந்து முடித்த பின் மீண்டும் அதே 300 மீட்டருக்கு வந்து நான்கு முறை ஓட்டிப் பார்க்கிறார். ஏனெனில் காலையில் குளிர்ந்திருந்த டயர் வெயிலேற விரிந்திருக்கும், அந்தச் சிறு மாற்றமும் கணக்கில் சேர வேண்டும்.

அளக்கப்படும் கோடும் சாலையின் நடுக்கோடன்று. ஓட்டக்காரர் விதிப்படி செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியே, அதாவது ஒவ்வொரு வளைவிலும் உட்புற ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே சாலையைக் குறுக்காக நேர்கோட்டில் வெட்டியும் செல்லும் வழியே அளக்கப்படுகிறது. இவ்வளவுக்கும் மேல், தடம் ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் வேண்டுமென்றே கூட்டப்படுகிறது. மராத்தானில் இது 42 மீட்டர். ஆக, சான்றளிக்கப்பட்ட தடம் சில பத்து மீட்டர் நீளமாக இருப்பது உண்மையே. நானூறு, அறுநூறு மீட்டர் நீளமாக இருக்கிறது என்பதுதான் கட்டுக்கதை.

இந்தக் கடுமைக்குப் பின்னால் வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஜான் ஜுவெல் 1961-இல் பரிசோதித்து எழுதிய மிதிவண்டி முறையை, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மராத்தானில் ஓடிய அமெரிக்கரான டெட் கார்பிட் 1964-இல் தாம் வெளியிட்ட நூலின் வழியே தம் நாட்டில் பரப்பினார். 1971-இல் ஆலன் ஜோன்ஸ் உருவாக்கிய எண்ணி அதை எளிதாக்கியது. 1981-இல் நியூயார்க் மராத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 வினாடியில் ஓடியது உலகச் சாதனையாகக் கொண்டாடப்பட்டது. பின்னர் அந்தத் தடத்தை மறுபடி அளந்தபோது அது ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு எனத் தெரிந்து, சாதனை ஏற்கப்படாமல் போயிற்று. இத்தகைய அனுபவங்களால் செதுக்கப்பட்ட ஒரு முறையை, மணிக்கட்டில் கட்டிய கருவியொன்றின் எண்ணைக் காட்டித் தள்ளிவிடுவது நியாயமில்லை.

கடிகாரம் தூரத்தை அளப்பதில்லை. இருப்பிடங்களை மதிப்பிட்டு, அவற்றுக்கிடையே கோடு போட்டுக் கூட்டுகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு, குறைந்தது நான்கு கோள்களிலிருந்து தனக்குள்ள தொலைவைக் கணித்து, அது தன் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் சென்றுவிடும். ஆகவே குறிகை மரக்கிளையில் சிதறியோ கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பியோ சற்றே தாமதமாக வந்தாலும் இருப்பிடம் மீட்டர் கணக்கில் விலகிவிடுகிறது. திறந்த வெளியில் திறன்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக 4.9 மீட்டர் வட்டத்துக்குள் துல்லியமாக இருக்கும் என்று அந்த அமைப்பை நடத்தும் அமெரிக்க அரசே கூறுகிறது. கைக்கடிகாரமோ அதைவிடச் சிறிய ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, வீசி ஆடும் கையில், பாதி நேரம் உடலின் நிழலில் இயங்குவது.

இருப்பிடப் பிழை இடமும் வலமும் சமமாகத்தானே விழும், கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. நேரான சாலையில் ஒருவர் வினாடிக்கு 3 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், முதற்புள்ளி கோட்டுக்கு இடப்புறம் ஒரு மீட்டரும் அடுத்த புள்ளி வலப்புறம் ஒரு மீட்டரும் விலகியிருக்கையில், அவற்றை இணைக்கும் கோட்டின் நீளம் 3 அன்று, ஏறத்தாழ 3.6 மீட்டர். இடப்புற விலகலும் நீளத்தைக் கூட்டுகிறது, வலப்புற விலகலும் கூட்டுகிறது. பக்கவாட்டுப் பிழை எதுவும் நேர்கோட்டைக் குறுக்குவதில்லை. அடுத்தடுத்த வினாடிகளின் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதாலும், கடிகாரத்தின் மென்பொருள் கோட்டைச் சீராக்குவதாலும் நடைமுறையில் மிகை இவ்வளவு பெரிதாவதில்லை. ஆனால் அது இருக்கிறது, அதன் திசையும் நிலையானது. பீட்டர் ரனாக்கரும் உடனாய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, ஜிபிஎஸ் தொலைவுகளை ஏன் முறையாக மிகைப்படுத்துகிறது என்பதைக் கணித வழியில் நிறுவியிருக்கிறது.

மிகையின் இன்னொரு பகுதிக்கு ஓட்டக்காரரே பொறுப்பு. அளவீட்டாளரின் குறுகிய கோட்டில் எவரும் முழுமையாக ஓடுவதில்லை. கூட்டத்தை விலக்கி முந்துவதும், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவதும், வளைவின் வெளிப்புறமாகவே சுற்றி வருவதும் மெய்யான கூடுதல் ஓட்டம். செங்கோணத் திருப்பம் ஒன்றில் அளவுக்கோட்டைவிட 2 மீட்டர் வெளியே ஓடினால் 3 மீட்டருக்கு மேல் கூடும். ஐம்பது திருப்பங்கள் கொண்ட நகரத் தடத்தில் அது மட்டுமே 150 மீட்டரைத் தாண்டிவிடும். இந்தக் கூடுதலுக்கு அமைப்பாளரைத் திட்டுவதில் பொருளில்லை.

ஐயம் தீராதவர்கள் சிகாகோ மராத்தானை நோக்கலாம். தொடக்கத்திலேயே தடம் வானுயர்ந்த கட்டடங்களுக்கிடையே புகுவதால், முதல் சில கிலோமீட்டர்களில் கடிகாரங்கள் தாறுமாறாக எண் காட்டுவதும், பதிவான வரைபடத்தில் ஓட்டக்காரர் ஆற்றைக் கடந்து கட்டடங்களுக்குள் நுழைந்து வெளியேறுவதாகக் கோடு பின்னிக்கிடப்பதும் அங்கு ஓடியவர்கள் அனைவரும் அறிந்தது. கெல்வின் கிப்டம் 2023-இல் 2 மணி 35 வினாடியில் உலகச் சாதனை படைத்ததும் அதே நகரில்தான். அந்தச் சாதனை ஏற்கப்பட்டது மிதிவண்டியால் அளந்த தடத்தின் பேரில். எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் ஒருங்கே பெறும் புதிய கடிகாரங்கள், சுவரில் பட்டுத் திரும்பும் குறிகையை நேர்க்குறிகையிலிருந்து பிரித்தறிவதில் முந்தியவற்றைவிடத் தெளிவாகவே தேறியுள்ளன. ஆயினும் அவையும் எஃகு நாடாவுக்கு ஈடாகா.

இந்த நம்பிக்கையின் உண்மையான கேடு எதிர்த்திசையில் இருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மராத்தான் 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளும் 380 மீட்டர் குறைவான தடத்தில் நடந்தது என்பது 2016-இல் வெளிப்பட்டு, ஆயிரக்கணக்கானோரின் நேரங்கள் மதிப்பிழந்தன. 41.815 கிலோமீட்டர் தடத்தில் ஒரு சதவீதம் மிகையாகக் காட்டும் கடிகாரம் என்ன காட்டும் என்று கணக்கிட்டால் 42.23 வருகிறது. குறைந்துபோன தடம் அந்தக் கருவியின் கண்ணுக்கு மிகச் சரியான மராத்தானாகத் தெரியும். அதாவது, கடிகாரத்தை நம்புகிறவர் நேர்மையாக அளந்த தடத்தைப் பழிப்பார், குறைந்துபோன தடத்தைப் பாராட்டுவார்.

பந்தயத்தன்று இதனால் நேரும் இழப்பும் சிறிதன்று. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க எண்ணுபவர் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி என்ற வேகத்தைக் கடிகாரத்தில் பிடித்துக்கொண்டே ஓடினால், கடிகாரம் 42.195 காட்டும்போது நான்கு மணி ஆகியிருக்கும், முடிவுக்கோடோ இன்னும் 400 மீட்டர் தள்ளியிருக்கும். அதைக் கடக்க மேலும் இரண்டேகால் நிமிடம் வேண்டும். கடிகாரத்தில் 42.6 வரும் என்று எதிர்பார்ப்பவர் 5 நிமிடம் 38 வினாடிக்கு ஓட வேண்டும். அதைவிடச் சிறந்த வழி, தானாகக் கிலோமீட்டர் பிரிக்கும் வசதியை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி நேரம் குறிப்பது. நேரத்தை அளப்பதில் கடிகாரம் குறையற்றது. அந்த வேலையை அதற்குக் கொடுப்பதே முறை.

மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு வலுவானவை அல்ல. கடிகாரம் செயற்கைக்கோளுக்குக் குறிகை அனுப்புகிறது, அதற்கு இணைய இணைப்பு வேண்டும் என்பது தவறு. அது பெறுவது மட்டுமே செய்கிறது. மிதிவண்டியோட்டத்திலும் ஜிபிஎஸ் எப்போதும் மிகையாகவே காட்டும் என்று கொள்வதும் தவறு; கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற சாலையில், இறங்கும் வேகத்தில் இரண்டு புள்ளிகளுக்கிடையே வளைவின் முனை வெட்டுப்பட்டுத் தூரம் குறையக்கூடும், குறிப்பாகப் பேட்டரியைச் சேமிக்கும் பொருட்டு சில வினாடிகளுக்கொருமுறை மட்டும் பதிவு செய்யும் அமைப்பில். துல்லியம் வேண்டுமானால் சக்கரத்தில் பொருத்தும் உணரியை, டயரின் சுற்றளவை நேரடியாக அளந்து பதிந்து, பயன்படுத்துவது நல்லது. ஏறிய உயரத்தைக் கடிகாரங்கள் பெரும்பாலும் காற்றழுத்தத்தைக் கொண்டே கணிக்கின்றன. கடல்மட்டத்தருகே எட்டு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறைவதால், வானிலை மாறினாலே நின்ற இடத்தில் மலையேறியதாகக் காட்டும்.

கலோரிக் கணக்கை நம்பிக் கூடுதலாக இரண்டு தோசை வைத்துக்கொள்பவர்கள், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆறு கருவிகள் இதயத் துடிப்பை ஐந்து சதவீதத்துக்குள் சொல்லின, ஆனால் எரிசக்திக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. அதிகபட்ச இதயத் துடிப்பு என்பது 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது என்ற வாய்ப்பாடும், 1971-இல் பல்வேறு தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துத் தோராயமாக இழுக்கப்பட்ட கோடுதான்; தனி மனிதர்களிடம் அது பத்துத் துடிப்புக்கு மேலும் விலகும்.

கடிகாரத்தின் மீதுள்ள இந்த அளவுகடந்த நம்பிக்கை, அளவீட்டில் அக்கறையற்ற அமைப்பாளர்களுக்குத்தான் வசதியாகிறது. சிற்றூர்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் நடக்கும் 5, 10 கிலோமீட்டர் ஓட்டங்களில், காரின் ஓடோமீட்டரைப் பார்த்தோ ஒருவர் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தோ தடத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பதக்கமும் சான்றிதழும் வழங்கும் பழக்கம் ஒழிய வேண்டும். தன் முதல் 10 கிலோமீட்டரை ஓடும் பள்ளி மாணவியின் நேரம், உலகச் சாதனையாளரின் நேரத்தைப் போலவே மெய்யான தூரத்தின் மீது நிற்க வேண்டியது. இதற்கு வேண்டிய கருவிகள் விலையுயர்ந்தவை அல்ல. எஃகு நாடா, மிதிவண்டி, எண்ணி, பொறுமையுள்ள இரண்டு பேர், போக்குவரத்து குறைந்த ஓர் அதிகாலை ஆகியவை போதும். கல்லூரிகளின் கட்டுமானப் பொறியியல் துறைகள் நிலஅளவைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே இதைச் செய்து தரலாம். மாவட்டத் தடகளச் சங்கங்கள் தத்தம் பகுதியில் இரண்டு அளவீட்டாளர்களையாவது பயிற்றுவிக்கலாம்.

பன்னாட்டு அளவீட்டுச் சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தடம் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். ஆகவே ஓட்டக்காரர்கள், நுழைவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன் அமைப்பாளரிடம், தடம் எம்முறையில் எந்த ஆண்டு யாரால் அளக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்டு, விடை கிடைத்த பிறகு பதிவு செய்ய வேண்டும்.