காய்ச்சல் தணிந்த பின்னும் ஊசி எதற்கு?

"காய்ச்சல் விட்டுவிட்டதே, இனி ஊசி எதற்கு?" எனத் தச்சநல்லூர்க் குடும்பத்தினர் எங்களிடம் வினவுவதுண்டு.

சில கிருமிகள் ஆன்டிபயாட்டிக் மருந்தையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. ஆகவே, கிருமியைக் கொல்லும் மருந்துடன் அந்நொதியைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துச் செலுத்துகிறோம். செஃபிபைம்–என்மெட்டாசோபாக்டம் அத்தகைய கூட்டு மருந்து. இதிலுள்ள என்மெட்டாசோபாக்டம் சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு இக்கூட்டு மருந்தை அமெரிக்கா 2024இல் ஏற்றது.

8 மணி நேரத்திற்கு ஒருமுறை, 2 மணி நேரம், வழக்கமாக 7 நாள்கள் இரத்த நாளத்தின் வழியே இது ஏற்றப்படும். சிறுநீரகக் குறைபாடு, பெனிசிலின் ஒவ்வாமை இருப்பின் முன்னரே கூறுங்கள். தோல் தடிப்பு, மூச்சுத்திணறல், மனக்குழப்பம், வலிப்பு, கடும் வயிற்றுப்போக்கு தோன்றினால் உடனே செவிலியரை அழையுங்கள்.

காய்ச்சல் தணிவது கிருமி குறைந்ததற்கு அடையாளம். முற்றும் அழிந்ததற்கு அன்று. எஞ்சியவை மீண்டும் பெருகக்கூடும். ஊசியை நிறுத்தும் நாளை மருத்துவரே முடிவு செய்யட்டும்.