மின்சக்தி வாணிகம்

உலகத்துப் பண்டங்கள் பலவற்றுள்ளும் மின்சாரம் தனித்ததோர் இயல்பினையுடையது. நெல்லைக் குதிரில் இடலாம். உப்பை அளத்திற் குவிக்கலாம். பருத்தியைப் பொதியாகக் கட்டி, நல்விலை வருங்காறும் காத்திருக்கலாம். மின்சாரமோ பிறந்த கணத்திலேயே செலவாதல் வேண்டும். கம்பிகளில் எந்நேரமும் உற்பத்தியும் செலவும் ஒத்து நிற்றல் வேண்டும். அவை ஒவ்வாவிடின், மின்னோட்டத்தின் அதிர்வெண் நம் தேசத்திற்குரிய 50 என்னும் அளவினின்று பிறழும். மிகப் பிறழின், மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒன்றன்பின் ஒன்றாய் விலக, ஊர்கள் இருளில் ஆழும். மின்சார வாணிகத்தின் சிக்கல்களிற் பெரும்பாலன இவ்வியல்பினின்றே தோன்றுகின்றன. வளர்ந்துவரும் நாடுகளில் இவ்வாணிகம் எங்ஙனம் நடைபெறுகின்றது, அதன் வருங்காலம் எவற்றைப் பொறுத்துள்ளது என்பவற்றை, நம் தேசத்தையே சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1902-ஆம் ஆண்டிற் காவிரியின் சிவசமுத்திர அருவியிற் பிறந்த மின்சாரம் கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. 1932-இல் நீலகிரியின் பைக்காராவும், 1937-இல் மேட்டூரும் மின்சாரம் அளிக்கத் தொடங்கின. கோயம்புத்தூரின் நூற்பாலைகள் பெருகியதற்கும், கொங்குநாட்டுக் கிணறுகளிற் கவலை ஓய்ந்து பம்புகள் ஓடியதற்கும் பைக்காரா பெருந்துணையாயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மாகாணந்தோறும் மின்வாரியங்கள் அமையலாயின. சென்னை மாநில மின்வாரியம் 1957-இல் நிறுவப்பெற்றது. மின்சாரத்தை ஆக்குவதும், கொண்டுசெல்வதும், விற்பதும் வாரியம் ஒன்றன் தொழிலாகவே இருந்தன. ஆகலின் அக்காலத்தில் மின்சாரத்திற்கு விலை உண்டு, சந்தை இல்லை. விலையும் ஆக்கச் செலவால் மட்டும் முடிவாகவில்லை. மக்கள் நிலையும் அரசியலும் உடன்நின்று முடிவு செய்தன. 1970-இற் கட்டண உயர்வை எதிர்த்து உழவர் கிளர்ந்தபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. 1990-ஆம் ஆண்டளவில் உழவரனைவர்க்கும் பம்புக்குரிய மின்சாரம் விலையின்றி வழங்கப்பட்டது. இவ்வரலாற்றை அறியாதார் மின்கட்டணத்தை வெறுங் கணக்காகவே கருதுவர்.

நிற்க. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் பழைய ஏற்பாட்டை மாற்றியது. ஆக்குவோர், கொண்டுசெல்வோர், விற்போர் என மூவகையாகத் தொழில் பிரிக்கப்பட்டது. 2008-இல் மின்சாரத்தை ஏலமுறையில் விற்கும் சந்தைகள் தோன்றின. அவ்வேலத்தின் முறை வருமாறு: மறுநாள் முழுவதும் பதினைந்து நிமிடங்கொண்ட 96 கூறுகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு கூற்றுக்கும் விற்போர் தாம் ஏற்கும் மிகக் குறைந்த விலையையும், வாங்குவோர் தாம் தரவல்ல மிக உயர்ந்த விலையையும் தெரிவிப்பர். விற்போர் கேட்பவை குறைவிலிருந்து ஏறுமுகமாகவும், வாங்குவோர் கேட்பவை உயர்விலிருந்து இறங்குமுகமாகவும் நிரல்படுத்தப்படும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்து விலையே அக்கூற்றின் விலை. ஆகவே, ஒரே நாளில் மின்சாரத்திற்கு 96 விலைகள் உண்டாகக்கூடும். எனினும், தேசத்தின் மின்சாரத்தில் இங்ஙனம் கைமாறுவது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. பெரும்பகுதி, 25 ஆண்டுகள் வரை நீளும் ஒப்பந்தங்களால் முன்னரே விலைபேசப்பட்டது. ஆயினும், பற்றாக்குறை நேர்கையில் அனைவரும் நாடுவது இச்சிறு சந்தையையே. ஆதலின் தேசத்தின் குறைகளைக் காட்டுங் கண்ணாடியாக இதனைக் கொள்ளலாம்.

அக்கண்ணாடி காட்டும் குறைகள் மூன்று. அவற்றுள் முதலாவது, வழியைப் பற்றியது. சரக்கு ஓரிடத்தும் பசி வேறிடத்துமாயின், இடையே பாதை வேண்டும். 2012-ஆம் ஆண்டிற் சென்னைக்குப் புறத்தேயுள்ள மாவட்டங்கள் நாள்தோறும் நெடுநேர மின்வெட்டால் வாடின. சிறு பட்டறைகளும் விசைத்தறிகளும் முடங்கின. வடக்கே விற்பதற்கு மின்சாரம் இருந்தபோதும் அதனைத் தெற்கே கொணரப் போதிய கம்பியில்லை. அதனால் ஒரே சந்தையில் தென்னாட்டிற்கென வேறு உயர்விலை அமைவதாயிற்று. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் வடக்கிலும் கிழக்கிலும் அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டபோது, தென்னாட்டுக் கம்பிவலை தனித்திருந்தமையால் தப்பிற்று. காத்த அத்தனிமையே மற்றைய நாட்களில் அதனை வறுமைப்படுத்தியது. 2013 டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூரையும் சோலாப்பூரையும் இணைத்த பெருங்கம்பியால் தேசம் முழுவதும் ஒரே வலையாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் கம்பிகள் பெருகின. புதிய மின்நிலையங்களும் எழுந்தன. தெற்கிற்கும் வடக்கிற்கும் இருந்த விலை வேற்றுமையும் குறைந்தது.

இரண்டாவது, நேரத்தைப் பற்றியது. பண்டை மதுரையில் நாளங்காடி என்றும் அல்லங்காடி என்றும் பகற்கடைகளும் இராக்கடைகளும் இருந்தனவென மதுரைக்காஞ்சியால் அறிகின்றோம். இன்றைய மின்சாரச் சந்தையிலும் இவ்விரு கடைகள் உள. சூரிய மின்சாரம் மிக மலிந்துவிட்டது. 2017-இல் ராஜஸ்தானத்துப் பட்லாவில் யூனிட் ரூ. 2.44-க்கும், 2020-இற் குஜராத்தில் ரூ. 1.99-க்கும் அதனைத் தர முன்வந்தனர். எனவே, நண்பகலில் நாளங்காடி மலிவாகின்றது. பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கும் வேளையிலோ சூரியன் இல்லை. அல்லங்காடியின் விலை விண்ணேறுகின்றது. 2022 மார்ச்சு மாதத்தில் வெயில் கடுகி, நிலக்கரி குறைந்தபோது, யூனிட் விலை ரூ. 20 வரை ஏறிற்று. மத்திய ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாண்டு ஏப்ரலில் ரூ. 12 என்றும், 2023-இல் ரூ. 10 என்றும் உச்சவரம்பு விதித்தது. வரம்பு விலையை அடக்குமேயன்றி மின்சாரத்தை ஆக்காது. பகலிற் பெற்றதை இரவிற்கு வைத்திருக்கும் வழியே வேண்டுவது. ஆனைமலைத் தொடரிலுள்ள காடம்பாறையில் 1987 முதல் இவ்வழி கையாளப்படுகின்றது. மின்சாரம் மிகுந்த வேளையிற் கீழ்நீரை மேலேற்றி, வேண்டும் வேளையில் இறக்கி, 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். நீரை ஏற்றும் மலைகளும், மின்கல அடுக்குகளும் இனி நம் குதிர்களாக வேண்டும்.

மூன்றாவது குறை, கணக்கைப் பற்றியது. இதுவே யாவற்றினும் ஆழமானது. மின்சாரத்தை வாங்கி வீட்டிற்குக் கொடுக்கும் நிறுவனம் இடையில் நிற்கின்றது. சந்தையில் ஏறும் விலை அதனைத் தாக்கும். அதனை மக்களிடம் ஏற்றிக் கேட்க அதற்கு இயலாது. குறையைக் கடனால் நிரப்புகின்றது. கடன் முற்றினால் ஆக்குவோர்க்குப் பணம் தாழ்க்கும். அவர் நிலக்கரிக்குப் பணம் தாழ்ப்பர். முடிவில் விளக்கு அணையும். 2015-இல் மத்திய அரசு இக்கடனை மாநிலங்கள் ஏற்குமாறு ஒரு திட்டம் வகுத்தது. தமிழ்நாடு 2017-இல் அதிற் சேர்ந்தது. குறையை ஈடுசெய்ய ஆலைகளிடமும் கடைகளிடமும் மிகுவிலை பெறுவது நெடுநாள் வழக்கம். அதன் விளைவு யாது? ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பிறவிடங்களிலும் நூற்பாலையார் தாமே காற்றாலைகளை நாட்டிக்கொண்டனர். நன்கு பணங் கொடுப்போர் விலக, கொடுக்கவியலாதாரே எஞ்சுவர். அண்டை நாடாகிய பாகிஸ்தானத்திற் கட்டணம் உயர உயர, பொருளுடையார் தம் கூரைகளிற் சூரியத் தகடுகளைப் பரப்பியதும் இதனையே வலியுறுத்தும்.

ஆயின், ஏழை உழவனுக்கு விலையின்றி அளித்தல் தவறோ எனின், அன்று என்பதே எமது கருத்து. உண்பார் பலர்க்கும் உணவளிப்பவனுக்கு அரசு உதவுதல் தகும். தவறு கொடையில் இல்லை; கொடையின் செலவைப் பிறர் தலையில் மறைத்து வைப்பதிலேயே உள்ளது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, மாநில அரசு எவர்க்கேனும் கட்டணத்தைக் குறைக்க விரும்பின், அத்தொகையை முன்கூட்டியே நிறுவனத்திற்குச் செலுத்துதல் வேண்டும் எனக் கூறுகின்றது. கொடுப்பவன் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்னும் பழைய அறமே இது. அங்ஙனம் செலுத்தினால், கொடை எவ்வளவு என்பதைச் சட்டமன்றமும் மக்களும் காண்பர். வேண்டுமாயிற் கூட்டுவர், வேண்டாவிடிற் குறைப்பர்.

இனி வருங்காலத்தை நோக்குவோம். 2023–24-இல் நம் தேசத்தில் ஆளொன்றுக்கு ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 1,400 யூனிட். உலகச் சராசரி இதனினும் இருமடங்கிற்கு மேல். 2024 மே 30-ஆம் நாள் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. இன்னும் அது வளரும்; வளரவும் வேண்டும். 2025-இல் நிறுவிய மின்திறனிற் பாதி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் சாராததாயிற்று. ஆனால் 2023–24-இல் உண்மையிற் பிறந்த மின்சாரத்திற் பத்தில் ஏழு பங்கிற்கு மேல் நிலக்கரியே அளித்தது. நாட்டிய திறன் வேறு, நேரத்தில் வந்தடையும் மின்சாரம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இம்மூன்றையும் சேர்த்துக் காண்பதற்கு உழவனின் பம்பு ஒன்றே போதும். பல மாநிலங்களில் வயல்களுக்கு இரவிலேயே மின்சாரம் விடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. பாம்பும் தேளும் உலவும் வரப்பில் உழவன் நள்ளிரவில் நடந்து மோட்டாரை இயக்கினான். குஜராத்து அரசு 2020-இல் வயல்களுக்குப் பகலிலேயே மின்சாரம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பகல் மின்சாரம் மலிவு, அதனை வயலுக்குத் தரக் கம்பியும், அதன் விலையைச் செலுத்த நேர்மையான கணக்கும் இருப்பின், அரசின் செலவு குறையும், நிலமும் நனையும், உழவனும் இரவில் உறங்குவான். ஒரு நாட்டின் மின்சார வாணிகம் செவ்வனே நடைபெறுகின்றதா என அறிய விரும்புவோர், நிலையங்களின் எண்ணிக்கையோடு அவ்வுறக்கத்தையும் உசாவுதல் நன்று.