எல்லை தாண்டிய விதிகள்

நுழையும்முன்
கணக்கில் நேரும் பிழைகள் பல அறியாமையால் விளைவன அல்ல. ஓரிடத்தில் பொருந்தும் விதியைப் பொருந்தா இடத்துக்கும் கொண்டுசெல்வதால் விளைபவை. நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரிய அத்தகைய பிழைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

16/64 என்னும் பின்னத்தைச் சுருக்கச் சொன்னால், மேலும் கீழும் உள்ள ஆறுகளை அடித்துவிட்டு 1/4 என்று எழுதும் மாணவர் உண்டு. விடை சரி, வழியோ பிழை. மேலே உள்ள 6 ஆறு ஒன்றுகளைக் குறிக்கும். கீழே உள்ள 6 ஆறு பத்துகளைக் குறிக்கும். பெயர் ஒன்றாக இருப்பதனாலேயே இரண்டு முருகன்களும் ஒரே வீட்டார் ஆகிவிடுவரோ? நீக்க வேண்டியது பொதுக்காரணியையே அன்றி இலக்கத்தை அன்று. தொகுதி, பகுதி இரண்டையும் 16ஆல் வகுப்பதே முறை.

இக்குறுக்குவழி 19/95, 26/65, 49/98 ஆகியவற்றிலும் பலிக்கும். ஆனால், 13/35இல் மூன்றுகளை அடித்தால் 1/5 கிடைக்கும். அதுவோ 7/35க்குச் சமம்! விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் வழங்கினால், முதல் கணக்கில் ஒளிந்திருந்த பிழை அடுத்த கணக்கில்தான் வெளிப்படும்.

0.5ஐவிட 0.35 பெரிது என்பார் மற்றொரு மாணவர். 5ஐவிட 35 பெரிது என்பது அவர்தம் காரணம். முழு எண்ணுக்குரிய விதியைத் தசம எண்ணுக்கும் நீட்டிவிட்டார். அவரிடமே 0.5 ரூபாய், 0.35 ரூபாய் இரண்டையும் காசாக்கச் சொன்னால், ஐம்பது காசை விட்டு முப்பத்தைந்து காசைக் கேட்க மாட்டார்.

விதியின் எல்லையைத் தேடிய மாணவர் ஒருவரைப் பற்றிய செய்தியும் உண்டு. கும்பகோணத்தில் சீனிவாச இராமானுசன் பயின்றபோது, எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்று என்றார் ஆசிரியர். “பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா?” என்று அவர் வினவினார் என்பர். பழமும் இல்லை, பெறுவாரும் இல்லை. ஆளுக்கு எத்தனை பழம் என்பது போன்ற வினா அது. கேட்போர்க்கு அது குறும்பாகத் தோன்றலாம். ஆயினும், எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியமே வருவதால், அவ்வகுத்தலுக்கு ஒரே விடை என ஒன்றில்லை. அவ்விதி பூச்சியம் அல்லாத எண்களுக்கே உரியது.

இலக்கங்களை அடித்த மாணவரும், முப்பத்தைந்தைப் பெரிதெனக் கொண்ட மாணவரும் கேட்கத் தவறிய வினா இதுவே: இவ்விதி எதுவரை செல்லும்? பிழையைக் கண்டு நகைக்கும் வகுப்பு, அவ்வினாவையும் உடன் எழுப்புமாயின் பிழை செய்தவரும் நாணமின்றிக் கற்பார், நகைத்தவரும் கற்பார்.