மாத்திரை வேளை

மனச்சிதைவு நோய்க்கும் இருமுனைக் கோளாறின் கடும் நிலைக்கும் தரப்படும் ஆன்ட்டிசைக்காட்டிக் மருந்துகளை மருத்துவமனை வார்டில் கையாள்வது ஒரு வேலை; மறுவாழ்வு இல்லத்தில் கையாள்வது வேறொரு வேலை. வார்டில் மருத்துவர் தினமும் வருவார். இல்லத்துக்கு அவர் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ வந்து, ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் உடனிருப்பவர் மருந்து எடுத்துக் கொடுக்கும் செவிலியர் அல்லது பராமரிப்பாளர். யார் இரவில் தூங்கவில்லை, யாருக்குச் சோறு தொண்டையில் நிற்கிறது, யார் நடக்கும்போது கைவீச்சு குறைந்துவிட்டது என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் படும். டோஸைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவு, பெரும்பாலும் அவர் எழுதி வைத்த நோட்டை நம்பியே எடுக்கப்படுகிறது.

மருந்துத் தவறுகள் பல பெயரிலேயே தொடங்கிவிடுகின்றன. குளோசபின் மனச்சிதைவுக்கு, குளோனசெபம் பதற்றத்துக்கும் வலிப்புக்கும். அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குளோர்புரோமசினைக் குளோர்புரோபமைடு என்று படித்துவிட்டால், நீரிழிவே இல்லாதவருக்குச் சர்க்கரையை இறக்கும் மாத்திரை போய்ச் சேரும். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்பதால், மருந்து அட்டையில் மூலப்பெயரை எழுதி, பக்கத்தில் மில்லிகிராமைத் தெளிவாகக் குறிப்பதே பாதுகாப்பு. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனையைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருக்க வேண்டும். மருந்து கொடுத்ததற்கான கையெழுத்து, இல்லவாசி விழுங்கிய பிறகுதான் விழ வேண்டும். பத்துப் பேருக்கும் முன்கூட்டியே மொத்தமாகப் போட்டு வைத்த கையெழுத்துக்கு மதிப்பில்லை.

அரசு மருத்துவமனையிலிருந்து மாதாமாதம் வரும் மருந்தின் நிறம் மாறுவதுண்டு. போன மாதம் மஞ்சளாக இருந்தது இந்த மாதம் வெள்ளையாக வந்தால், "இது என் மாத்திரை இல்லை" என்று ஒருவர் மறுப்பது நோயின் சந்தேகம் அல்ல, நியாயமான கேள்வி. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, மூலப்பெயரை வாசித்துச் சொன்னால் பெரும்பாலோர் வாங்கிக்கொள்வார்கள். சில வேளை அவர் சொல்வதே சரியாகவும் இருக்கும். அட்டையைச் சரிபார்க்காமல் வற்புறுத்துபவர்தான் அங்கே தவறு செய்கிறார்.

மாத்திரையைக் கடைவாயில் அடக்கி வைத்துப் பிறகு துப்புவது எல்லா இல்லங்களிலும் நடப்பதுதான். தலையணை உறையிலும் குளியலறை வடிகாலிலும் அவை கிடைக்கும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது ஒருநாள் தீர்வு. ஏன் துப்புகிறார் என்று கேட்பதே நிலையான வழி. காலையில் எழ முடியாத மயக்கம், எச்சில் ஒழுகித் தலையணை நனையும் கூச்சம், ஆண்மைக் குறைவு, நின்றுபோன மாதவிடாய் என்று காரணம் வெளிவரும். இவற்றில் பலவற்றுக்கு நேரத்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் மருந்தையே மாற்றுவதும் பதிலாக இருக்கும். சாம்பாரிலோ காபியிலோ தெரியாமல் கலந்து கொடுப்பது வீடுகளில் காலங்காலமாக இருக்கும் வழக்கம். இல்லத்துக்கு அது ஆகாது. ஒருமுறை கண்டுபிடித்தவர் மருந்தோடு சேர்த்துச் சாப்பாட்டையும் மறுப்பார். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தனக்குத் தரப்படும் சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் அறியும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது.

பக்கவிளைவுகளில் இல்லங்களில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது இருப்புக்கொள்ளாமை. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவற்றைத் தொடங்கிய அல்லது கூட்டிய சில நாட்களிலோ வாரங்களிலோ இது வரும். உட்கார்ந்தவர் எழுவார், எழுந்தவர் நடப்பார், வரிசையில் நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைப்பார், எரிச்சலில் கத்துவார். 'நோய் முற்றுகிறது' என்று நோட்டில் எழுதப்படும். டோஸ் கூடும், அவதியும் கூடும். இந்தச் சுழலில் தற்கொலை எண்ணம் வரையிலும் போனவர்கள் உண்டு. "அண்ணே, மனசு பதறுதா, இல்ல காலு சும்மா இருக்க விடமாட்டேங்குதா?" என்ற ஒரு கேள்வி, பல வேளைகளில் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். கால்தான் என்றால் டோஸைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ப்ரோப்ரனலால் சேர்ப்பது ஆகியவற்றை மருத்துவர் பரிசீலிப்பார்.

கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதும் கண் மேலே செருகிக்கொள்வதும் வேறு வகை. இளவயது ஆண்களுக்கு, அதுவும் ஊசி போட்ட முதல் சில நாட்களில், அதிகம் காணப்படும். பார்ப்பவருக்குப் பேய் பிடித்ததுபோலத் தோன்றினாலும், ப்ரோமெதசின் போன்ற ஊசி போட்டதும் அரைமணிக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். விறைப்புக்குத் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்காமல் தொடர்வது நல்லதல்ல. முதியவர்களுக்கு அது குழப்பத்தையும் மறதியையும் தரும், மலச்சிக்கலை இறுக்கும்.

குளோசபின் தனி கவனம் கேட்கும் மருந்து. மற்ற மருந்துகள் பலிக்காதவருக்கு அது தரும் விடுதலை பெரியது. ஆகவே பயந்து ஒதுக்குவது அநியாயம். 1975-ல் ஃபின்லாந்தில் இரத்த வெள்ளணுக் குறைவால் உயிரிழப்புகள் நேர்ந்த பிறகுதான் இரத்தப் பரிசோதனை கட்டாயமானது. முதல் 18 வாரம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் என்பது இங்குள்ள பரவலான வழக்கம். இடையில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்காமல் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். இரத்தத்துக்குத் தரும் கவனத்தைக் குடலுக்குப் பலர் தருவதில்லை. குளோசபினால் குடல் அசைவு மந்தமாகி, அடைபட்டு, உயிர் போவதுண்டு. எனவே "வெளிக்குப் போனீங்களா?" என்று தினமும் கேட்டு எழுதுவது நாடி பார்ப்பதற்கு இணையான வேலை. வயிறு உப்பி, வாந்தியும் சேர்ந்தால் மருத்துவமனைதான்.

பீடி, சிகரெட் விஷயமும் இங்கே வருகிறது. புகையிலுள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, குளோசபினை வேகமாகக் கழிக்கச் செய்கின்றன. நிறைய பீடி பிடித்தவர் இல்லத்தின் கட்டுப்பாட்டால் திடீரென்று நிறுத்தினால், அதே டோஸில் இரத்தத்தில் மருந்தின் அளவு பெரிதும் ஏறிவிடும். மயக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். பீடியை நிறுத்தும் முடிவை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். விடுமுறைக்குப் போய் மறுபடி பிடிக்கத் தொடங்கினாலும் சொல்ல வேண்டும்.

ஓலன்சபினும் குளோசபினும் பசியைக் கிளப்பி உடலை ஊதவைக்கும். எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடங்கும் முன்பும் மூன்றாம் மாதத்திலும் பிறகு ஆண்டுதோறும் பார்ப்பது குறைந்தபட்சம். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. மூன்று வேளையும் அரிசியும் மாவுமாகச் சமைத்துவிட்டு இல்லவாசியின் வாயைக் கட்டச் சொல்வதில் பொருளில்லை. மாற வேண்டியது சமையலறை.

கத்திரி வெயிலில் இந்த மருந்துகள் உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் கெடுக்கின்றன. மண்பானைத் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் வரும் எல்லாக் காய்ச்சலையும் வெயில் தலையில் கட்டவும் கூடாது. காய்ச்சல், ஈயக்குழாய் போன்ற விறைப்பு, வியர்வை, ஏறியிறங்கும் இரத்த அழுத்தம், மங்கும் நினைவு எல்லாம் சேர்ந்தால் அது மருந்தினால் வரும் உயிராபத்தான நிலையாக இருக்கலாம். அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். காலையில் மருத்துவரைக் கேட்கலாம் என்று காத்திருக்காமல் இதைச் செய்யும் அதிகாரம் இரவுப் பணியாளருக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும்.

கொந்தளிப்பின்போது போடப்படும் எஸ்.ஓ.எஸ். (தேவைப்பட்டால் மட்டும்) ஊசிக்கு ஒவ்வொரு முறையும் மூன்று வரி எழுதப்பட வேண்டும்: என்ன நடந்தது, ஊசிக்கு முன் என்ன முயன்றார்கள், ஒரு மணி நேரம் கழித்து எப்படி இருந்தார். ஹாலோபெரிடால் ஊசியைத் தனியே போடுவதைவிட ப்ரோமெதசினோடு சேர்த்துப் போடுவது பாதுகாப்பானது என்பதற்குப் பிரேசிலில் நடந்த ஆய்வு வலுச் சேர்த்தது. ஓலன்சபின் ஊசியையும் லோரசெபம் ஊசியையும் ஒருசேரப் போடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீயில் கருகிய 28 பேர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். இன்று சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கவும் அனுமதிப்பதில்லை. ஊசிக்கும் அதே அளவுகோல்தான் பொருந்த வேண்டும். இரவுப் பணியில் ஒருவர் மட்டும் இருப்பது, ஒருவருக்கு ஊசி போடுவதற்கான காரணம் ஆகாது.

பொங்கல், தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறவரிடம் மாத்திரையை மொத்தமாகக் கட்டிக் கொடுக்காமல், நாள்வாரியாக, வேளைவாரியாகக் கவரில் போட்டு, தமிழில் எழுதித் தர வேண்டும். "நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு மாத்திரை?" என்று வீட்டார் கேட்பார்கள், நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதைப் புறப்படும் முன்பே அவர்களிடம் பேசிவிட வேண்டும். திரும்பி வந்ததும் மீதமுள்ள கவர்களைத் திட்டாமல் எண்ண வேண்டும். திட்டினால் அடுத்த முறை மீதி மாத்திரை வாய்க்காலில் போய்விடும், உண்மை தெரியாது. குளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் தவறவிட்டவருக்குப் பழைய டோஸை அப்படியே கொடுப்பது ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.