சொல்லை எண்ணுதல்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளை உடையது. அவனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. அந்நூலுள் 'யாழ்' என்னுஞ் சொல் எத்துணை முறை வருகின்றது? விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றே தோன்றும். ஆயின், சிறுபாணர் ஏந்திய 'சீறியாழ்' தனிச்சொல்லா, யாழுடன் சேர்த்து எண்ணத்தக்கதா? முதலிலேயே இதனைத் துணிதல் வேண்டும்.

'கல்' என்பதைத் தேடுவோன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 'பகல்' என்பதனுள் அவ்வெழுத்துக்கள் உள, சொல் இல்லை. 'கற்றூண்' என்பதனுள் சொல் உண்டு; எழுத்தோ திரிந்துவிட்டது! கணிப்பொறி நொடியில் எண்ணும். எனினும், புணர்ச்சியைப் பிரித்தறியாதவழி எழுத்தைத்தான் எண்ணும்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் அணித்தான புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அருஞ்சொல் ஒன்றன் பொருளில் ஐயம் எழின், அது பயிலும் இடங்களை ஒருங்கே நோக்கித் தெளிய இத்தகைய அடைவு துணைபுரியும்.

திருக்குறளில் 'தமிழ்' என்னும் சொல் இல்லை என்பர். உண்டு என்று நாட்ட ஓரடி போதும். இல்லை என்று சொல்ல 1330 குறளையும் ஒன்றுவிடாமல் பார்த்திருத்தல் வேண்டும். பார்த்தனர்; ஓரிடத்தும் இல்லை.